காயம்பட்ட தொழிலாளிக்குக் குடும்ப மருத்துவர் தரும் சான்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடத்தில் காயம்பட்டு விடுப்பில் இருக்கும் தொழிலாளர்களுக்கு வேலைக்குத் திரும்பும் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பைக் குடும்ப மருத்துவர்களிடமிருந்து எடுத்து, நிறுவனங்கள் அமர்த்தும் மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குடும்ப மருத்துவர்கள் முகம் பார்த்து இரக்கப்பட்டு ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது அவருடைய குறை. முப்பது ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், அந்தக் குறையில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் முன்வைக்கும் தீர்வு தொழிலாளியை இப்போது இருப்பதைவிட மோசமான நிலையில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அஞ்சுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மாற்ற வேண்டியது கையெழுத்துப் போடும் ஆளை அல்ல. அவரிடம் நாம் கேட்கும் கேள்வியை.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும். சில ஆண்டுகளுக்கு முன், உலோகத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு வலது உள்ளங்கையில் ஆழமான வெட்டு விழுந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோயின. அறுவை சிகிச்சையில் அவற்றைச் சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். ஆறாவது வாரம் முடிந்து, கைக்குப் போட்டிருந்த அணைப்பட்டையைக் கழற்றிய மறுநாள் என்னிடம் வந்தார். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. விரல்களை மடக்கச் சொன்னேன்; நுனி உள்ளங்கையைத் தொடும் அளவுக்கு மடக்கிக் காட்டினார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். “இல்லை டாக்டர். கம்பெனியில் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்கிறார்கள். திங்கட்கிழமை போகவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்” என்றார். அச்சடித்த படிவத்தில் ‘பணிக்குத் தகுதியானவர்’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த வாரமே திரும்பி வந்தார். நடுவிரல் நீட்டியபடி நின்றது, மடங்கவில்லை. தகட்டு அடுக்கைத் தூக்கும்போது உள்ளங்கைக்குள் ஏதோ பட்டென்று விட்டுப்போனது என்றார். தைத்த தசைநாண் மறுபடி அறுந்திருந்தது.

தைத்த தசைநாண் முழுப் பளுவையும் தாங்கும் வலிமை பெற ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அவர் நாள் முழுவதும் என்ன தூக்குகிறார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காயத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்ட நான், வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் கையெழுத்திட்ட படிவத்திலும் அப்படி ஒரு கேள்விக்கு இடம் இல்லை. பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் மோதெனா நகரில் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதி 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. எங்கள் புறநோயாளிச் சீட்டில் வயது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. தொழிலுக்குக் கட்டம் இருந்தாலும் அதில் ‘கூலி’ என்றோ ‘தனியார் வேலை’ என்றோ எழுதி முடித்துவிடுகிறோம்.

ஒருவர் வேலைக்குத் தகுதியானவரா என்பதை அவருடைய உடம்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கணுக்கால் முறிந்தவர், போய்வர வசதி இருந்தால், உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்குச் சில வாரங்களிலேயே தகுதியானவர். ஏணியில் ஏறி இறங்கும் வேலைக்கு அவர் மூன்றாம் மாதத்திலும் தகுதியானவராக இல்லாமல் இருக்கலாம். ஒரே முறிவு, ஒரே எக்ஸ்ரே, இரண்டு விடைகள். இந்த இரண்டையும் ‘தகுதி’, ‘தகுதியில்லை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கச் சொல்லும்போது, மருத்துவர் ஒன்று என்னைப் போல அவசரப்பட்டு அனுப்பிவிடுகிறார், இல்லையென்றால் எதற்கு வம்பு என்று இன்னும் இரண்டு வாரம் ஓய்வு எழுதுகிறார்.

அந்த இரண்டாவது தவறு வெளியே தெரிவதில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தையல் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் படிக்கட்டில் சறுக்கி விழுந்து இடுப்பு வலியோடு வந்தார். நரம்பு பாதிப்பு எதுவும் இல்லை, எலும்பும் நன்றாக இருந்தது. அப்போது வேறொரு மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு இரண்டு வாரம் ஓய்வு எழுதப்பட்டது. பின்னர் இரண்டு வாரம், மறுபடியும் இரண்டு வாரம். நான்காவது மாதத்தில் என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரே வாசகம் எழுதிய எட்டுச் சான்றுகள் இருந்தன. குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தரையில் விழுந்த சீப்பை எடுக்கக்கூடப் பிள்ளையைக் கூப்பிடும் நிலைக்கு வந்திருந்தார். விழுந்த அடி எப்போதோ ஆறிவிட்டது. அவரைப் பிடித்து வைத்திருந்தது பயமும், நான்கு மாதம் அசையாமல் இருந்ததால் தளர்ந்துபோன தசைகளும்தான். இதற்குள் அவருடைய இடத்தில் வேறு ஆள் வந்திருந்தார்.

படுக்கையில் கிடப்பதே ஒரு ஆபத்து என்று பிரிட்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947இலேயே எழுதி எச்சரித்தார். பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 1995இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம். முதலில் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர்தான். மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள். எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது. அறுந்த தசைநாணுக்குப் பொருந்தாது என்பதற்கு என் நோயாளியே சாட்சி. ஆனால் வேலைக்கு வராமல் கழியும் ஒவ்வொரு வாரமும் இலவசமாகக் கிடைத்த ஓய்வு அல்ல, அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எழுதிக் கொடுக்கும் மருத்துவரும் வாங்கிப் போகும் நோயாளியும் அறிந்திருக்க வேண்டும். ஒரு மருந்தை எத்தனை வேளை, எத்தனை நாள் என்று யோசித்து எழுதும் நாங்கள், ஓய்வை மட்டும் அளவு பார்க்காமல் எழுதுகிறோம்.

பிரிட்டனில் இதை உணர்ந்து 2010 ஏப்ரலில் சான்றின் வடிவத்தையே மாற்றினார்கள். அதுவரை ‘நோய்ச் சான்று’ என்று வழங்கியது ‘தகுதிச் சான்று’ ஆயிற்று. ‘பணிக்குத் தகுதியில்லை’ என்பதோடு, ‘கீழ்க்கண்ட மாற்றங்கள் செய்தால் பணிக்குத் தகுதியானவராக இருக்கலாம்’ என்று இன்னொரு கட்டம் சேர்ந்தது. அதன் கீழே, படிப்படியாகத் திரும்புதல், வேலை நேரத்தை மாற்றுதல், வேலையின் தன்மையை மாற்றுதல், பணியிடத்தில் வசதி செய்துதருதல் என்று நான்கு குறிப்புகள் உண்டு. 2022 ஜூலை முதல் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் ஆகியோரும் அங்கே இந்தச் சான்றைத் தரலாம். சரியான திசையில் வைத்த அடி இது. ஆனாலும் அந்த இரண்டாவது கட்டத்தை அங்குள்ள மருத்துவர்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. வரிசையில் இருபது பேர் காத்திருக்க, பத்து நிமிடத்துக்குள், போய்ப் பார்த்திராத ஒரு பணியிடத்தைப் பற்றி என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதச் சொன்னால், மருத்துவர் பழைய கட்டத்தையே நாடுவார். படிவத்தை மட்டும் மாற்றினால் போதாது; பணியிடத்திலிருந்து மருத்துவருக்குச் செய்தி வர வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், இடுப்பு வலியால் நான்கு வாரங்களுக்கு மேல் வேலைக்கு வராத தொழிலாளர்களிடம் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சையோடு நிறுத்தாமல், பணியிடத்துக்கே போய், தொழிலாளியையும் மேற்பார்வையாளரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து மாற்றங்கள் செய்தார்கள். 1997இல் வெளியான முடிவின்படி, இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு வேகத்தில் தங்கள் வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். ஜெர்மனியில் இன்னொரு வழி இருக்கிறது. சிகிச்சை பார்க்கும் மருத்துவர், முதல் வாரங்களில் நாளுக்கு இத்தனை மணி நேரம், பிறகு இத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணை எழுதித் தருகிறார். தொழிலாளி அதன்படி ஏறிக்கொண்டே போகும் நாட்களிலும் சட்டப்படி நோயுற்றவராகவே கருதப்பட்டு, அவருக்குரிய நோய்க்கால உதவித்தொகையைப் பெறுகிறார். வேலையைச் சோதித்துப் பார்த்தால் உதவித்தொகை போய்விடும் என்ற அச்சம் அங்கே எழுவதில்லை. அந்த அச்சம் இருக்கும் இடத்தில் மருத்துவர் என்ன எழுதினாலும் பயன் குறைவு.

இனி, நிறுவன மருத்துவரிடமே சான்றை ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். நிறுவன மருத்துவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. இயந்திரத்தின் சத்தத்தையும் தரையின் வழுக்கலையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். பணியிடத்தைப் பற்றி எனக்குத் தெரியாத எத்தனையோ அவர்களுக்குத் தெரியும். ஆனால் தொழிலாளியின் நம்பிக்கையைப் பெறாத இடத்தில் அந்த அறிவு பயன்படாமல் போகும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1985இல் ஏற்ற 161ஆம் எண் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, பணியிட உடல்நலச் சேவையில் இருப்பவர்களை, ஒருவர் வேலைக்கு வராததற்கான காரணம் உண்மைதானா என்று சரிபார்க்கும்படி முதலாளி கேட்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய மருத்துவரைக் காவலாளியாக்கினால், அடுத்த முறை கை மரத்துப்போனாலும் மூச்சு இரைத்தாலும் தொழிலாளி அவரிடம் வாய் திறக்க மாட்டார். நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும்.

குடும்ப மருத்துவருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஜெர்மனி 1884இலும் பிரிட்டன் 1897இலும் இந்தியா 1923இலும் தொழிற்காயங்களுக்கான காப்பீட்டுச் சட்டங்களையோ இழப்பீட்டுச் சட்டங்களையோ இயற்றிய நாளிலிருந்து, மருத்துவரின் கையெழுத்து பணத்தோடு கட்டப்பட்டுவிட்டது. நோயாளிக்காகப் பேச வேண்டியவரும் அவர்தான், நோயாளியைப் பற்றிப் பொதுவான ஒருவர்போல் சாட்சி சொல்ல வேண்டியவரும் அவர்தான். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட கையாலேயே தந்தைக்கு ‘இனி ஓய்வு தேவையில்லை’ என்று எழுதுவது எளிதல்ல. அதற்காக அந்த உறவைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு முன்பே சர்க்கரை இருக்கிறது, அதனால் காயம் மெதுவாகத்தான் ஆறும் என்பதும், காயத்துக்குப் பிறகு அவர் இரவில் தூங்குவதில்லை என்பதும், வீட்டில் கடன்காரர் வந்து நிற்கிறார் என்பதும் குடும்ப மருத்துவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வேலைக்குத் திரும்புவது தடைபடுவதற்குக் காயத்தைவிட இவையே பெரும்பாலும் காரணமாகின்றன.

வாசகர் சொன்ன ‘கேட்டவர்களுக்கெல்லாம் ஓய்வு’ என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். வேண்டாத ஓய்வு கேட்டு வருபவர்கள் உண்டு. ஆளைப் பார்க்காமலே பணம் வாங்கிக்கொண்டு சான்று எழுதும் மருத்துவர்களும், போன வாரத் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுபவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் என் அறைக்குள் வந்து மன்றாடியவர்களை எண்ணிப் பார்த்தால், ஓய்வு கேட்டவர்களைவிட, ஆறாத காயத்தோடு ‘ஃபிட்’ என்று எழுதச் சொன்னவர்கள்தான் அதிகம். ஒப்பந்த வேலை, நாட்கூலி, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற நிலையில் இருப்பவர் உடம்பு தேறும்வரை காத்திருக்க முடியாது. சான்றுகளைப் பற்றிய பேச்சு எப்போதும் ஏமாற்றுகிறவரைப் பிடிப்பதைச் சுற்றியே நடக்கிறது. வலியை மறைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் போய் நிற்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் தகட்டுப் பட்டறை நோயாளி அப்படிப்பட்டவர்தான்.

அவருக்கு அன்று நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? இப்போது எழுதுவதுபோல எழுதியிருக்க வேண்டும்: ‘இடது கையால் செய்யும் வேலைகளைச் செய்யலாம். வலது கையால் காகிதம், பேனா போன்றவற்றைப் பிடிக்கலாம். எடை எதையும் தூக்கவோ, இறுக்கிப் பிடிக்கவோ, இழுக்கவோ கூடாது. வெட்டும் இயந்திரத்தை இயக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு முறை விரல் பயிற்சிக்கு நேரம் தர வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. தடையற்ற வேலை 12 வாரத்துக்கு முன் இல்லை.’ ஆறேழு வரிகள்தான். இதில் நோயின் பெயர்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். முதலாளிக்குத் தெரிய வேண்டியது தொழிலாளியால் எது முடியும், எது முடியாது, எத்தனை நாளுக்கு என்பதுதான். அவருக்கு என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போகக் கூடாத செய்தி. நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலிருந்து தொலைபேசியில் ‘உண்மையில் என்னதான் டாக்டர் அவருக்கு?’ என்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதிலும் இதுதான்.

இப்படி எழுத முடிய வேண்டுமென்றால் நிறுவனமும் சில பொறுப்புகளை ஏற்க வேண்டும். தொழிலாளி என்ன தூக்குகிறார், எத்தனை கிலோ, எத்தனை முறை, நின்றா உட்கார்ந்தா, இரவுப் பணி உண்டா என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு அவர் கையிலேயே வர வேண்டும். லைட் டூட்டி எழுதினால் ‘அப்படி ஒரு வேலை எங்களிடம் இல்லை’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். கொடுத்தாலும் சம்பளத்தைக் குறைத்துவிட்டால் அடுத்த முறை அந்தத் தொழிலாளி லைட் டூட்டி வேண்டாம், முழு ‘ஃபிட்’ எழுதுங்கள் என்றுதான் கேட்பார். சான்றில் நிறுவனத்துக்கோ காப்பீட்டாளருக்கோ ஐயம் இருந்தால், இரு தரப்பையும் சாராத மருத்துவக் குழுவிடம் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். அந்த உரிமை தொழிலாளிக்கும் சமமாக இருக்க வேண்டும். இத்தனையும் எழுதுவதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்கு மருத்துவருக்கு உரிய கட்டணத்தைக் காப்பீடு தராத வரையில், நல்ல எண்ணம் உள்ள மருத்துவரும் ஒற்றைச் சொல்லிலேயே முடித்துவிடுவார்.

குடும்ப மருத்துவர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்ய வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. தலையில் அடிபட்டு நினைவிழந்தவர் மறுபடி கனரக வாகனம் ஓட்டலாமா, வலிப்பு வந்தவர் உயரத்தில் ஏறி வேலை செய்யலாமா, கிரேன் இயக்குபவரின் பார்வை போதுமா என்பவை அவருடைய உயிரோடு மட்டும் நிற்கும் கேள்விகள் அல்ல. அவற்றுக்குத் துறை மருத்துவரும் பணியிட மருத்துவரும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதி அனுப்புவதும் சான்றின் ஒரு பகுதியே. நான் படித்த காலத்தில் தொழில் மருத்துவம் சமூக மருத்துவப் பாடத்தின் ஓரத்தில் சில வகுப்புகளோடு முடிந்துபோனது. படித்து முடித்து வெளியே வந்த முதல் வாரத்திலேயே சான்றில் கையெழுத்திடும் உரிமை மட்டும் எனக்கு முழுதாக வந்துவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு மருத்துவக் கல்வியை நடத்துபவர்களுக்கு இருக்கிறது.

படிவங்கள் மாறுவதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை, காயம்பட்டு விடுப்பில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சான்று வாங்கப் போகும்போது உங்கள் ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் எடுத்துப் போவதுபோல, உங்கள் வேலையையும் எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் நீங்கள் நிற்கும் இடத்தையும் தூக்கும் பொருளையும் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவர் ‘தகுதியானவர்’ என்று மட்டும் எழுதி நீட்டினால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும் என்பதை அதே தாளில் கீழே எழுதித் தரும்படி கேளுங்கள். என் அறையில் அப்படிக் கேட்டவர்களை நான் கோபித்துக்கொண்டதில்லை. அன்று அந்தத் தகட்டுப் பட்டறைக்காரர் கேட்டிருந்தால் இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்காது.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர்